பேசாத பெட்டியின் ஏலம்

"என்ன எதிர்பார்த்தீங்க?" என்று கேட்டான் ராம்பிரசாத்.

"பேசும்னு எதிர்பார்த்தேன்."

"என்ன நடந்துச்சு?"

"பேசல."

"இம்புட்டுப் போதும் ஆத்தா. இதுக்கு மேல சொன்னா கதை."

போடிநாயக்கனூர் கட்டற்ற கணினி ஆதரவு மன்றத்தில் யாருடைய குறையாக இருந்தாலும் அந்த இரண்டு கேள்விக்குள் அடங்கிவிட வேண்டும். அடங்காதது குறை இல்லையாம், கதையாம். கதை கேட்க மன்றத்தில் ஆள் போடவில்லை. ராம்பிரசாத் மன்றத்தின் தலைமைத் தொண்டர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மரியாதையான பிள்ளை. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் கையை உயர்த்தி, மரியாதையாகவே நிறுத்தினான்.

அவன் நிறுத்திய கதையை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் மூக்கம்மாள். ஊர் ராசிங்காபுரம். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கிற சோலி. விடியுமுன்னே ஜீப்பில் ஏறினால் இருட்டித்தான் இறங்குவேன். என் மகள் முத்துப்பிரியா மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தாள். எனக்கு எழுத்துத் தெரியாது. ஒருமுறை வேறு எஸ்டேட்டு ஜீப்பில் ஏறிப்போய், தெரியாத தோட்டத்தில் பாதி நாள் காய் எடுத்துவிட்டு வந்தேன். அதைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இரண்டாம் கையாக வாங்கி வைத்திருந்த தன் லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுப் போனாள். அதற்குள் எனக்காகப் பாடம் பேசி வைத்திருந்தாள்.

"யம்மா, உக்காந்தியா? சிலேட்ட எடு. இன்னைக்கு ககர வரிசை. மெதுவா எழுது, ஒனக்குப் பின்னால ஜீப்பு ஒண்ணும் நிக்கல."

இப்படித்தான் ஒவ்வொரு பாடமும் ஆரம்பிக்கும். நான் எழுதி வைப்பேன். சனிக்கிழமை வந்து திருத்துவாள். போகும்போது புதுப் பாடங்களைப் பேசிவிட்டுப் போவாள்.

போன ஆனியில் காய்ச்சல் வந்தது. போய்விட்டாள். அவள் லேப்டாப்புப் பெட்டி இருந்தது. நான் கேட்காத பாடங்கள் அதற்குள் இருந்தன. அவற்றை நான் மொத்தமாகக் கேட்டுவிடவில்லை. மழை அடித்துச் சோலி நின்றுபோன நாளில் ஒன்று, மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்போது ஒன்று என்று கேட்டு வந்தேன். கேட்காத பாடம் இருக்கிறவரைக்கும் என்னிடம் சொல்ல அவளுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பெட்டியில் ஓடுவது காசு கொடுத்து வாங்காத இயங்குதளம். எந்தெந்த நாட்டிலோ யார் யாரோ சேர்ந்து செய்து, யாருக்கு வேண்டுமானாலும் சும்மா கொடுப்பது. "நம்ம ஊர்க் கம்மாத் தண்ணி மாதிரிம்மா, எல்லாத்துக்கும் பொது" என்று முத்துப்பிரியா சொல்லியிருக்கிறாள். அது ஒருநாள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அதற்கப்புறம் படம் வந்தது, எழுத்து வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. பாடத்தைத் தட்டினால் திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கும். அவள் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று தெரியும். திடீரென்று ஒரு இடத்தில் கோடு குதிக்கும். சிரிக்கிறாள் போல என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

மன்றத்துக்கு என்னைக் கூட்டிப்போனது கிரேஸ். என்னோடு காய் எடுப்பவள், அடுத்த வீட்டுக்காரி. மன்றம் இருந்தது ஏலக்காய் வியாபாரி பாண்டியராஜன் குடோனில், ஒரு பாதியில். அவர்தான் தலைவர். மறுபாதியில் மூட்டைகள். சுவரில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவைப் படம், சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு.

"என்னக்கா, வாத்துக்குப் பூசை போட்டுருக்காக" என்றாள் கிரேஸ்.

ராம்பிரசாத் முகம் சுண்டிவிட்டது. "அது பென்குயின். இந்த இயங்குதளத்தோட சின்னம்."

"காலு வாத்துக் காலாத்தானப்பா இருக்கு."

அன்றைக்கு எங்கள் குறையைப் பதிவதற்குக் கொஞ்சம் தாமதமானது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பதிந்ததும் தலைவர் என்னைப் பக்கத்தில் அழைத்தார். நல்ல மனுசர். காப்பி வாங்கிக் கொடுத்தார்.

"இந்தாம்மா, நாங்க யார்ட்டயும் காசு வாங்குறதில்ல. காசு வாங்குனாத்தான் வேலையச் செய்யணும்னு வரும். நாங்க பண்றது சேவை. சேவைக்குக் கெடு கெடையாது, பாத்துக்க. அதுவுமில்லாம இது தெறந்த நெலை. உள்ள என்ன இருக்குன்னு யாரு வேணும்னாலும் பாக்கலாம். பாத்து நீயே சரி பண்ணிக்கிறலாம். ஒன்னைய யாராச்சும் தடுத்தமா?"

தடுக்கவில்லைதான். ராம்பிரசாத் ஒரு திரையைத் திறந்து காட்டினான். எறும்பு ஊர்வதுபோல எழுத்து ஓடியது. எல்லாம் இங்கிலீஷு. தமிழையே பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தாள் முத்துப்பிரியா.

"சத்தத்துக்குன்னு உள்ள ஒரு சில்லு இருக்கு ஆத்தா" என்றான். "அதைச் செஞ்ச கம்பெனிக்காரன் ரகசியத்தை வெளிய விடல. புதுப் பதிப்புல அதுக்கு ஆதரவ எடுத்துட்டாக. ரகசியம் வச்சிருக்கவனோட நாங்க பேச்சு வச்சுக்கிறதில்ல. கொள்கை."

"நீங்க அவன்கூடப் பேசலேன்னா எம் மக எங்கூடப் பேசக் கூடாதா தம்பி?"

"அது கதை ஆத்தா."

"பழையபடி இருந்தப்பப் பேசுச்சுல்ல. பழையபடியே வச்சுக் குடுத்துருங்க. எனக்குப் புதுசு வேணாம்."

"பழைய பதிப்புக்குப் போனா சத்தம் வரும்" என்று அவன் உடனே ஒத்துக்கொண்டான். "அது உள்ளயேதான் கெடக்கு. பெட்டியத் தொறக்கையில ஒரு பொத்தானை அமுக்கினாப் போதும்."

"அப்ப அமுக்கு."

அவன் தலைவரைப் பார்த்தான். தலைவர் கண்ணை மூடித் திறந்தார். "பின்னால போறத மன்றம் ஆதரிக்கிறதில்லம்மா. இன்னைக்கு ஒனக்காகப் பின்னால போனா நாளைக்கு எல்லாரும் பின்னால போகணும்பாக. அப்பறம் முன்னேற்றம் எங்கிட்டு வரும்?"

குறை பதிந்த பெட்டி மன்றத்திலேயே இருக்க வேண்டும் என்பது விதி. முதுகில் சாக்பீசால் நம்பர் எழுதி, மூட்டைகள் பக்கம் வைத்தார்கள். நான் வெறுங்கையோடு பஸ்சு ஏறினேன்.

அடுத்த வாரம் போனபோது ராம்பிரசாத் தன்னுடைய லேப்டாப்பைத் திறந்து ஒரு பாட்டுப் போட்டான். கணீரென்று கேட்டது.

"பாத்தீங்களா? எங்கிட்ட வேலை செய்யுது."

"ஒங்கிட்ட வேலை செய்யுது. எங்கிட்டச் செய்யலயே."

"அதான் சொல்றேன். குறை இயங்குதளத்துல இல்லன்னு தெரியுதுல்ல. எங்க மெசின்லயும் அதே மாதிரி நடந்தாத்தான் அது குறைன்னு நாங்க ஏத்துக்கிற முடியும். இல்ல, இன்னொருத்தருக்காச்சும் நடக்கணும். ரெண்டு பேருக்கு வந்தா அது குறை. ஒருத்தருக்கு மட்டும் வந்தா அது விதி."

வெளியே வந்ததும் கிரேஸ் சொன்னாள்: "விதியாமுல்ல. நாளைக்கே ரெண்டாமாளைக் காட்டுறேன் பாரு."

அவள் மகள் ஜாக்குலினும் என் மகளும் ஒரே கடையில் ஒரே மாதிரிப் பெட்டி வாங்கியவர்கள். கிரேஸ் வீட்டுப் பெட்டி பரணில் கிடந்தது. இறக்கிச் சார்ஜ் ஏற்றி, செல்லிலிருந்து நெட் கொடுத்து, அதையும் புதுப்பிக்க விட்டோம். புதுப்பித்து முடித்ததும் அதுவும் ஊமையாகிவிட்டது. கிரேஸுக்கு அப்படி ஒரு சந்தோசம். தன் பெட்டியைத் தானே கெடுத்துவிட்டு எனக்காகச் சந்தோசப்பட்டவள் அவள்.

இரண்டு பேரும் சோலிக்கு லீவு சொல்லிவிட்டுப் போனோம். கங்காணி, "பெட்டிக்கு வைத்தியம் பாக்கப் போறீகளாக்கும், அப்படியே எனக்கும் ஒரு டானிக்கு வாங்கியாங்க" என்றான்.

ராம்பிரசாத் கிரேஸின் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"அதே குறை. அச்சு அசல்."

"அப்ப ரெண்டு பேருக்கு வந்துருச்சுல்ல" என்றாள் கிரேஸ்.

"ஆமா. ஆனா ஒங்க குறை ஏற்கெனவே இவுக பேர்ல இருக்கு. நகலை மன்றம் எடுத்துக்கிறதில்ல. ஒங்களத மூடியாச்சு." தட்டினான். பிறகு என் பக்கம் திரும்பினான். "ஆத்தா, ஒங்க குறை கிரேஸக்கா பெட்டியிலயும் இருக்கிறதால, அதோட சேத்துப் பாத்துக்கிறலாம்னு ஒங்களதையும் மூடிட்டேன்."

"அவளத மூடிட்டியேப்பா."

"அதான் ரெண்டும் முடிஞ்சிருச்சே."

கிரேஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லக்கா."

"பண்ணிக்கிறாத."

அன்றைக்கு நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சண்டை போட உட்காரவில்லை. பெட்டியை விட்டுவிட்டு இன்னொருமுறை பஸ்சு ஏற மனசு வரவில்லை. மூட்டைகளுக்குப் பக்கத்தில் என் பெட்டி இருந்தது. ஏலக்காய் வாசம் அதன் மேலும் ஏறியிருக்கும். முத்துப்பிரியாவுக்கு அந்த வாசமே ஆகாது. நான் வேலை விட்டு வந்தால், குளித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார் என்பாள்.

நான் உட்கார்ந்திருந்தது மூட்டை இறக்குகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தது. தலைவர் வந்தார். விசயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரி, ஏலத்துல வச்சிருவம்" என்றார்.

மூடிய குறைகளை மாதம் ஒருமுறை அங்கே ஏலம் விடுவார்கள். கையைத் தூக்குகிற தொண்டருக்கு அந்தப் பெட்டி. காசு பணம் கிடையாது. சரிசெய்து கொடுத்தால் பலகையில் பேர் எழுதுவார்கள். "போடிக்காரனுக்குத் தெரிஞ்ச நியாயம் ஏலந்தாம்மா. தராசு பொய் சொன்னாலும் சொல்லும், ஏலம் சொல்லாது" என்றார் தலைவர்.

ஏலத்தன்று கிரேஸ் ஒரு யோசனையோடு வந்தாள். ஏலம் கூற நின்றுகொண்டிருந்த திருப்பதி அண்ணனிடம் தன் செல்லை நீட்டினாள். அவர் அந்தக் குடோனில் காலங்காலமாக ஏலம் கூறுகிறவர். மன்றத்துக்கும் அவரேதான்.

"அண்ணே, சரி பண்ணவே வேணாம். அந்தப் புள்ள பேசுனத மட்டும் இந்தச் செல்லுக்குள்ள ஏத்திக் குடுங்க. இதுல சத்தம் நல்லா வருது. பஸ்டாண்டு செல்லுக் கடைப் பையன் ஒரு வயரைச் சொருகி எடுத்துத் தர்றேன்கிறான்."

திருப்பதி அண்ணன் நிசமாகவே வருத்தப்பட்டார். "தாயி, ஏலச் சரக்குன்னு லாட்டு நம்பர் போட்டாச்சு. ஏலம் முடியிற வரைக்கும் உள்ள இருந்து ஒரு காய் வெளிய போகப்படாது. போனா எடை கொறஞ்சுரும். நாந்தான் பதில் சொல்லணும்."

"குரலுக்கு எடை ஏதுண்ணே?"

"அது எனக்குத் தெரியாது தாயி. விதியில அப்படிப் போடல."

ஏலம் ஆரம்பமானது. ஏலக்காய்க்கு எப்படி மாதிரியைத் தட்டில் போட்டு வியாபாரிகளுக்குச் சுற்றுக்கு விடுவார்களோ, அப்படியே குறைக்கும் மாதிரி சுற்றுக்கு வர வேண்டும். என் பெட்டியைத் திறந்து, கண்ணில் பட்ட ஏதோ ஒரு பாடத்தைத் தட்டிவிட்டு, தட்டில் வைத்து நகர்த்தினார்கள். ஒவ்வொருவரும் குனிந்து காது கொடுத்தார்கள்.

"நல்ல அமைதி" என்றார் ஒருவர்.

"கலப்படம் இல்ல. ஒரு கரகரப்புக் கெடையாது, ஒரு விசில் கெடையாது."

"முதல் தரம்ங்க. இந்த மாதிரி அமைதி இப்பல்லாம் வர்றதில்ல."

நான் எட்டிப் பார்த்தேன். அது நான் கேட்காத பாடம். பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கென்று அவள் பேசிவைத்தது தட்டில் உட்கார்ந்து கை மாறிக்கொண்டிருந்தது. ஒரு கூட்டமே குனிந்து கேட்டது, ஒருவர் காதிலும் விழவில்லை. நடுவில் ஒருமுறை கோடு குதித்தது. அந்த நேரம் தட்டு யார் கையில் இருந்ததோ, அவர் தன் செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊமைப் பெட்டி, ஒரு தரம்" என்றார் திருப்பதி அண்ணன்.

யாரும் கை தூக்கவில்லை. சத்தக் கோளாறைச் சரி செய்தால் பெரிய பேர் கிடைக்காதாம். கிரேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு தரம்."

தலைவர் கொட்டாவி விட்டார். திருப்பதி அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் மூன்றாம் தரத்தை இழுத்து இழுத்துச் சொன்னது எனக்காகத்தான் என்று நினைக்கிறேன். ராம்பிரசாத் கையைத் தூக்கினான்.

நான் அவனைக் கும்பிட்டேன். அவ்வளவு பேருக்கு நடுவில், என் மகன் வயசுப் பிள்ளையைக் கும்பிட்டேன். "இருக்கட்டும் ஆத்தா" என்றான். "வேற இயங்குதளம் ஒண்ணு புதுசா வந்திருக்கு. அதுல அந்தச் சில்லுக்கு ஆதரவு உண்டாம். எதுல போட்டுப் பாக்கலாம்னு நானும் தேடிக்கிட்டுத்தான் இருந்தேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழா வைத்தார்கள். பறவைக்குப் புது மாலை. ராம்பிரசாத்துக்குத் தலைவர் பொன்னாடை போர்த்தினார். என்னை மேடையில், அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார். மைக்கில் அவர் பேசுகிற தமிழே வேறு.

"இந்த ஏழைத் தாய் நம்மிடம் என்ன கேட்டு வந்தார்? தம் மகளின் குரலைக் கேட்க வேண்டும் என்று வந்தார். நாம் குரல் என்று பார்ப்பதில்லை. ஒலி என்று பார்க்கிறோம். குரல் ஒருவருக்கு மட்டும் சொந்தம். ஒலி உலகத்துக்கே சொந்தம். ஒருவருடைய கண்ணீரைத் துடைப்பதற்காக மன்றம் தொடங்கப்படவில்லை. கண்ணீர் எந்த மெசினிலும் ஓட வேண்டும், அதுதான் நம் கொள்கை."

கை தட்டினார்கள். கடைசி வரி அவருக்கே விளங்கியிருக்காது என்று நினைக்கிறேன். ஆனாலும் நானும் தட்டினேன். அவள் பேசப் போகிறாள் என்ற நினைப்பில், யார் என்ன சொன்னாலும் தட்டியிருப்பேன்.

ராம்பிரசாத் பெட்டியைத் திறந்தான். திறந்ததுமே மணி அடித்த மாதிரி ஒரு சத்தம். குடோன் முழுக்கக் கேட்டது. கிரேஸ் அழுதுவிட்டாள். நான் பெட்டியை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். 'பாடம்' என்று எழுதியிருக்கும் இடத்தைத் தேடினேன். அந்தச் சொல்லைப் படிக்க அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். எங்கேயும் இல்லை. திரையில் ஒரு மலை, ஒரு வானம், அவ்வளவுதான்.

"தம்பி, பாடத்தக் காணம்."

"எந்தப் பாடம்?"

"அவ பேசுனது."

"அதெல்லாம் பழசோட போயிருக்கும் ஆத்தா" என்றான் ராம்பிரசாத். ஒளிக்கவில்லை, பதறவும் இல்லை. "லாட்டை எடுத்தவன் சரக்கைக் கொட்டிட்டுச் சாக்கக் காலியாத் திருப்பிக் குடுக்கிறதுதான போடி வழக்கம். எங்க தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான். காலி பண்ணாம எப்படிப் புதுசு ஏத்துறது? நீங்க சத்தம் வரணும்னுதான குறை பதிஞ்சீங்க?"

வழக்கம் எனக்கும் தெரியும். ஏலம் முடிந்த காயைக் கொட்டிக்கொண்டு கொடுத்த வெறுஞ்சாக்கை எத்தனையோ முறை மடித்துத் தலையில் வைத்து மலை ஏறியிருக்கிறேன்.

"எங்கிட்டுக் கொட்டுன?" என்றேன்.

"இது கொட்டுறதுன்னா கொட்டுறதில்ல ஆத்தா. அழிக்கிறது."

கிரேஸ் எழுந்து வந்தாள். அவள் வாயில் என்னென்ன வந்ததோ அதை எழுத எனக்கு எழுத்துப் போதாது. தலைவர், "அம்மா, அம்மா, விழா நடக்குது" என்றார். திருப்பதி அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மூட்டைப் பக்கம் போய்விட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. அவள் பாக்கி வைத்திருந்தது எத்தனை பாடம் என்றுகூட எண்ணிப் பார்த்தவள் இல்லை நான். எண்ணினால் குறைந்துவிடும் என்று விட்டிருந்தேன்.

"ஆத்தா, விழாவ முடிக்கணும்" என்றான் ராம்பிரசாத். "சத்தம் உள்ள போகுதா, வெளிய வருதான்னு ரெண்டும் பாக்கணும். ஒரு வார்த்த பேசுங்க. பதிஞ்சு போட்டுக் காட்டுறேன். எதுவா இருந்தாலும் பரவால்ல."

என்ன பேசுவது என்று எனக்குத் தோன்றவில்லை. கூட்டம் காத்திருந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"முத்து" என்றேன். "யம்மா முத்துப்பிரியா. உக்காந்துட்டேன்."

அவன் ஒரு பொத்தானைத் தட்டினான். பெட்டி என் குரலில் அவளைக் கூப்பிட்டது. கரகரப்பு இல்லை, விசில் இல்லை. உட்கார்ந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டது.

"தெளிவா இருக்கு" என்றார் தலைவர். "குறை தீர்ந்தது." எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியதும் ராம்பிரசாத் என் பக்கம் குனிந்தான்.

"சும்மா பரிசோதனைக்குப் பதிஞ்சதுதான ஆத்தா இது. அழிச்சிரவா?"

அழிப்பதற்கு முன்னால் அந்த மன்றத்தில் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.